ராணிக்கு இரண்டு கட்டம்

நவம்பர் 23, சனி

இன்று மாலை ஐந்து நாற்பதுக்கு, சதுரங்கத்தில் ராணி ஒரு நடையில் இரண்டு கட்டங்களுக்கு மேல் போகக் கூடாது என்று தீர்மானித்தேன். நேரத்தைக் குறித்துவைக்கக் காரணம் உண்டு. இந்த யோசனை தன்னுடையது என்று பின்னால் யாராவது சொல்லிக்கொள்ளக் கூடும். பல நூறு வருடங்களாகப் பலகையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தடையில்லாமல் உலவிவந்தவளைக் கட்டுப்படுத்துவது சின்னக் காரியமல்ல. தீர்மானித்த பிறகு ஒரு டீ குடித்தேன்.

பின்னணியையும் எழுதிவிடுகிறேன். நான் சென்னியப்பன், வயது ஐம்பத்திரண்டு. வாரியத்தின் கோபி கோட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளர். குடியிருப்பு மனமகிழ் மன்றத்தின் செயலாளர். இந்த மாதம் முதல் தேதி புதிய செயற்பொறியாளர் வந்தார். பெயர் ஆறுமுகநயினார், ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சதுரங்கப் பிரியர். ஒன்பதாம் தேதி மன்றத்தில் பண்டகக் காப்பாளர் வழிவிட்டானோடு ஆடினார். வழிவிட்டான் பதினான்கே நடையில் அவரைத் தோற்கடித்தார். பதினெட்டாம் தேதி வழிவிட்டானுக்குத் திருவாடானைக்கு மாற்றல் ஆணை வந்தது.

திருவாடானைதான் அவருடைய சொந்த ஊர் என்றும், தாயாருக்கு உடம்பு முடியாததால் ஒரு வருடமாக அவரே மனுப் போட்டுக்கொண்டிருந்தார் என்றும் மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னதுதான் உறுத்துகிறது.

என் மகள் சிந்துஜா பிளஸ் டூ படிக்கிறாள். மார்ச் 3 பொதுத்தேர்வு. மாற்றல் வந்தால் பதினைந்து நாளில் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்பது வாரிய விதி. அவளைத் தினமும் காலை நாலரைக்கு எழுப்பி, எதிரில் உட்கார்ந்து படிக்கவைப்பவன் நான். நான் இல்லாவிட்டால் அவள் மதிப்பெண் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. ஆகவே தேர்வு முடியும்வரை இந்த ஊரைவிட்டு நான் அசையக் கூடாது.

அடுத்த சனிக்கிழமை செயற்பொறியாளரோடு ஆட வேண்டியது என் முறை.

நவம்பர் 24, ஞாயிறு

பேசாமல் தோற்றுவிட்டுப் போவதுதானே என்று மரகதம் கேட்டாள். என் மனைவிக்கு நிர்வாகம் புரியாது. பொறுப்பேற்ற அன்று தேநீர் விருந்தில் அவர் எல்லோர் முன்னாலும் சொன்னது இது: “வேணும்னே தோக்குதவனை எனக்குக் கண்ணுல காட்டாதீங்க. ஜெயிக்கிறவனைக்கூட மன்னிச்சிருவேன்.” மன்னித்த லட்சணத்தை வழிவிட்டான் விஷயத்தில் பார்த்தோம்.

ஆக, நான் ஜெயிக்கவும் கூடாது, தோற்றுக்கொடுக்கவும் கூடாது. அவர் தானாக ஜெயிக்க வேண்டும். அது அவரால் ஆகாது. அவருடைய இரண்டு ஆட்டங்களைப் பார்த்துவிட்டேன். மூன்றாவது நடையிலேயே ராணியை எதிராளியின் வீட்டுக்குள் அனுப்பி, பத்தாவது நடைக்குள் பறிகொடுத்துவிடுகிறார். அவரை மாற்ற முடியாது, மேலதிகாரி. விளையாட்டைத்தான் மாற்ற வேண்டும். ராணி இரண்டு கட்டத்துக்கு மேல் போக முடியாதென்றால் அவ்வளவு சீக்கிரம் தொலையவும் முடியாது.

வீட்டில் சிந்துஜாவோடு ஆடிச் சோதித்தேன். இருபது நிமிடம்; அவளுடைய ஓய்வு நேரத்தில் கழித்துக்கொண்டேன். ஆட்டத்தின் நடுவில் அவள், “ராணியைக் கட்டிப்போட்டுட்டா ராஜாவ யாருப்பா பாத்துக்குவாங்க?” என்று கேட்டாள். குழந்தைத்தனமான கேள்வி. அந்த ஆட்டத்தில் நான் தோற்றது வேறு காரணத்தால்.

நவம்பர் 30, சனி

மன்றச் செயற்குழு கூடித் திருத்தம் 1ஐ ஏற்றது. ‘விளையாட்டின் தரத்தை உயர்த்தும் பொருட்டு’ என்று காரணம் எழுதினேன். செயற்பொறியாளர் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டார். ஏன் இரண்டு முறை படித்தார் என்று தெரியவில்லை.

ஆட்டத்தில் அவர் ராணி பிழைத்தாள். ஆனால் என் குதிரை ஒரே தாவலில் அவர் ராஜாவையும் யானையையும் சேர்த்துத் தாக்கும் இடத்துக்கு வந்து நின்றுவிட்டது. நான் திட்டமிடவில்லை. தற்செயலாக ஜெயித்துவிடுவேனோ என்று வியர்த்துப்போனது. நல்ல வேளையாக மின்சாரம் போயிற்று.

குதிரையையும் கவனிக்க வேண்டும்.

டிசம்பர் 2, திங்கள்

கேஸ் தீர்ந்ததால் மண்ணெண்ணெய் அடுப்புத் திரி தேடி இரண்டு கடை ஏறினேன். இப்போது யாரும் விற்பதில்லையாம். கேஸ் வரும்வரை மின் அடுப்பு.

திருத்தம் 2 தயார். குதிரை எந்தப் பக்கம் தாவ நினைக்கிறதோ, அந்தப் பக்கம் ஒட்டிய கட்டத்தில் யாராவது நின்றால் தாவக் கூடாது. சிந்துஜா இதற்கு ‘மொண்டிக் குதிரை’ என்று பெயர் வைத்தாள். கோப்பில் ‘தடைப்பட்ட குதிரை’ என்றே எழுதினேன்.

எதிர்வரிசையில்தான் செயற்பொறியாளர் வீடு. அவர் மனைவி கோமதி டீச்சர் கணக்கு ஆசிரியையாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவராம். சந்தேகம் கேட்கப் போகட்டுமா என்று சிந்துஜா கேட்டாள். நன்றாக யோசித்து அனுமதித்தேன்: வாரத்தில் இரண்டு நாள், முக்கால் மணி நேரம். வேறெங்கும் போகக் கூடாது. அங்கே கணக்கைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. டீச்சர் எதையாவது பிடுங்கப் பார்க்கலாம்.

டிசம்பர் 5, வியாழன்

என்ன பேசினீர்கள் என்று சிந்துஜாவைக் கேட்டேன். ஒன்றும் பேசவில்லை என்றாள். நம்புகிறேன்.

டிசம்பர் 7, சனி

செயற்குழுவில் திருத்தம் 2 நிறைவேறியது. மூன்றாவது திருத்தத்தையும் கொண்டுவந்தேன். இது என் படைப்புகளில் சிறந்தது என்று நினைக்கிறேன். சிப்பாய் கடைசிக் கட்டத்தை அடைந்ததும் ராணியாகிவிடுவது நம் பணி விதிகளின் உணர்வுக்கே எதிரானது. ஏற்கெனவே ஒரு ராணி பதவியில் இருக்கும்போது இன்னொரு பணியிடம் எங்கிருந்து வரும்? எனவே, தன் தரப்பில் எந்தக் காய் வெட்டுப்பட்டுக் காலியிடம் ஏற்பட்டிருக்கிறதோ அந்தப் பதவிக்கு மட்டுமே சிப்பாய் உயரலாம். காலியிடம் இல்லையென்றால் கடைசிக் கட்டத்திலேயே காத்திருக்க வேண்டும். நன்றாக ஆடுகிறவருக்குக் காலியிடமே இருக்காது. செயற்பொறியாளருக்கு எப்போதும் ஐந்தாறு இருக்கும்.

செயற்குழுவில் குப்புராஜ் என்றொரு இளநிலை உதவியாளர் இருக்கிறான். இரண்டு மாடு வைத்திருக்கிறான். குடியிருப்பில் பாதி வீட்டுக்கு அவன்தான் பால். எப்போதும் சிரித்த முகம். எனக்கு அது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவன் எழுந்து, “ஏனுங்க சார், அந்தச் சிப்பாய் பதவி உயர்வு வேண்டாம்னு சொல்லலாங்களா? இருந்த எடத்துலயே இருந்துக்கறேன்னு?” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். செயற்பொறியாளர் சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் உடனே ஒரு உட்பிரிவு சேர்த்தேன்: ‘சிப்பாய்க்கு மறுக்கும் உரிமை இல்லை.’ அவர் தலையை ஆட்டி, “தெளிவா இருக்கு வே” என்றார்.

குப்புராஜ் அதை ஏன் கேட்டான்? குடியிருப்பு ஒதுக்கீட்டுக்கான காத்திருப்புப் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது. என் வீடு பி-7. கிழக்குப் பார்த்த வாசல்.

டிசம்பர் 14, சனி

செயற்பொறியாளர் ஜெயித்தார். நாற்பத்தொரு நடை. என் சிப்பாய் கடைசிக் கட்டத்தில் காலியிடம் இல்லாமல் காத்துக்கொண்டிருந்தது. அவருடைய சிப்பாய்கள் மூன்று வரிசையாகப் பதவி உயர்வு பெற்றன. நான் விட்டுக்கொடுத்தேனா என்று கூர்ந்து பார்த்துக் கேட்டார். இல்லை, விதி அப்படி என்றேன். விதியைக் குற்றம் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டார். நான் ஒரு நடையைக்கூடத் தப்பாக ஆடவில்லை. நிர்வாகத்தில் இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது.

போகும்போது அவர் சொன்னதை மட்டும் மறக்க முடியவில்லை. “உம்ம மொண்டிக் குதிரை நல்ல ஏற்பாடு வே.”

மொண்டி. அம்பாசமுத்திரத்துக்காரர் நொண்டி என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? கோப்பில் அந்தச் சொல் எங்குமே இல்லை. யாரோ இந்த ஊர்க்காரன் அவரிடம் பேசியிருக்கிறான்.

டிசம்பர் 18, புதன்

மாலை ஆறேகாலுக்குக் குப்புராஜ் செயற்பொறியாளர் வீட்டிலிருந்து வெளியே வந்தான். கையில் தூக்குப்போசி. பால் ஊற்றப் போனதாகச் சொல்வான். அந்தப் போசிக்குள் மடிக்கிற சதுரங்கப் பலகை ஒன்று தாராளமாகப் போகும். எங்கள் வீட்டுப் போசியில் வைத்துப் பார்த்தேன். காய்களுக்கும் இடம் இருக்கிறது.

பாலில் வார்னிஷ் வாசனை அடிப்பதாக மரகதம் இரவில் சத்தம் போட்டாள்.

டிசம்பர் 28, சனி

செயற்பொறியாளர் ஜெயித்தார். முப்பத்தைந்து நடை. மந்திரி மூன்று கட்டத்துக்கு மேல் சாய்வாகப் போகக் கூடாது என்ற திருத்தம் 4ஐ இன்றுதான் முன்வைப்பதாக இருந்தேன். நான் உறையைப் பிரிக்கும் முன்பே, “மந்திரிக்கு மூணு போதும், அப்படித்தானே?” என்றார்.

திருத்தம் 4ஐ அறிந்தவர்கள்: நான், என் கோப்பு. வீட்டில் சோதித்துப் பார்த்தது கணக்கில் வராது.

கோப்பு அலுவலக அலமாரியில் இருக்கிறது. அலமாரிச் சாவி இருவரிடம். ஒருவர் நான். இன்னொருவன் குப்புராஜ்.

ஜனவரி 3, வெள்ளி

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் வந்தது. சிந்துஜாவுக்குக் கணக்கில் 74. காலாண்டில் 78. தாள் கடினம். நாளை முதல் நான்கு மணிக்கே எழுப்புவது என்று முடிவு.

எதிரில் உட்கார்ந்து பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தால் பிள்ளை எதைப் படிப்பாள் என்று மரகதம் கேட்டாள். நான் தட்டுவது தாளம் இல்லை, நேரக்கணக்கு. ஒரு வினாவுக்கு நான்கு நிமிடம்.

டீச்சர் வீட்டுக்கு இனி நான்கு நாள் போவதாகச் சிந்துஜா சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். நேரம் சரியில்லாததால் வாதாடவில்லை.

ஜனவரி 6, திங்கள்

தாளவாடி மலைக்கிடங்கில் இருப்புச் சரிபார்ப்புக்கு ஆள் கேட்டு நாலு மாதமாக ஒரு கடிதம் கிடக்கிறது. இன்று குப்புராஜின் பெயரை எழுதி மேலே வைத்தேன். மூன்று வாரம். இந்தக் குளிரில் அங்கே யாரும் போக மாட்டார்கள். அவனுக்குக் கைக்குழந்தை இருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. கோப்பு அதற்குள் கையெழுத்தாகிவிட்டது.

சரிங்க சார் என்று சிரித்துக்கொண்டே போனான். வேறு யாராவது இருந்தால் முகம் சுளித்திருப்பார்கள்.

ஜனவரி 9, வியாழன்

பால் இல்லை. பாக்கெட் பால் காபி. மரகதம் என்னோடு பேசவில்லை.

ஜனவரி 14, பொங்கல்

வழிவிட்டானிடமிருந்து பொங்கல் வாழ்த்து. தாயார் தேறிவருகிறாராம், வந்த இரண்டாம் வாரமே தன் மனுவைத் தேடி எடுத்துச் சிபாரிசு செய்த செயற்பொறியாளருக்குத் தன் நன்றியைச் சொல்லச் சொல்லியிருக்கிறார். கையெழுத்து மிக நிதானமாக இருக்கிறது. அச்சுறுத்தி எழுதி வாங்கியதில்தான் இவ்வளவு நிதானம் வரும்.

எதிர்வீட்டிலிருந்து ஒரு தூக்கு சர்க்கரைப் பொங்கல் வந்தது. மற்றவர்கள் சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

ஜனவரி 18, சனி

இதை எழுதக் கை கூசுகிறது. இன்று நான் உண்மையாகவே தோற்றேன்.

என் நான்கு திருத்தங்களும் என் மேலேயே திரும்பின. என் ராஜாவை அவர் இரண்டு யானைகளால் மூலைக்கு ஓட்டினார். என் ராணி மூன்று கட்டம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டம் கூடுதலாகப் போக முடிந்திருந்தால் காப்பாற்றியிருப்பாள். அவர் காய்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: “ராணியைக் கட்டிப்போட்டுட்டா ராஜாவை யாரு வே பாத்துக்கிடுவா?”

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டிருக்கிறேன். வீடு வந்து சேரும்வரை யோசித்தேன். குப்புராஜ்தான் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவன் பன்னிரண்டு நாளாக மலையில் இருக்கிறான்.

கைப்பேசி வைத்திருக்கிறான்.

ஜனவரி 25, சனி

திருத்தம் எதுவும் இல்லாமல் பழைய ஆட்டமே ஒருமுறை ஆடிப் பார்ப்போமா என்று செயற்பொறியாளர் கேட்டார். எல்லாக் காய்களும் முழு பலத்தோடு இருந்தால் நான் ஜெயித்துவிடுவேன், ஜெயித்தால் திருவாடானை.

முப்பத்தொரு நடையில் அவர் ஜெயித்தார். மூன்றாவது நடையில் ராணியை வெளியே விடவில்லை. யாரோ அவருக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதுவும் என் ஆட்டத்தை உள்ளும் புறமும் அறிந்த யாரோ. குதிரையை எடுக்கும்முன் காதைச் சொறிவேன் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் காதில் கை வைத்ததுமே குதிரையைப் பார்த்தார்.

இந்தப் பழக்கம் எனக்கு இருப்பதே வீட்டில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குப்புராஜுக்கு எப்படித் தெரிந்தது?

முதல் திருப்புதல் தேர்வில் சிந்துஜாவுக்குக் கணக்கில் 69. தாள் மிகக் கடினம். இனி மூன்றே முக்கால்.

ஜனவரி 28, செவ்வாய்

குப்புராஜ் மலையிலிருந்து இறங்கிவிட்டான். இருமல். எனக்கென்று மலைப்பூண்டு ஒரு கிலோ கொண்டுவந்து கொடுத்தான். மன்னிப்புக் கேட்கிறானா, வேவு பார்க்கிறானா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

பூண்டை மரகதம் ஊறுகாய் போட்டாள்.

ஜனவரி 31, வெள்ளி

செயற்பொறியாளர் அறைக்கு வெளியே கையெழுத்துக்குக் காத்திருந்தேன். உள்ளே தொலைபேசியில், “குதிரைக்கே காலைக் கட்டினவரு சார், இவரை விட்டா ஆள் கிடைக்காது” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைப் பற்றித்தான். கோப்பைக் கொடுத்தனுப்பிவிட்டு வந்துவிட்டேன். பொதுத்தேர்வுக்கு இன்னும் முப்பத்தொரு நாள்.

பிப்ரவரி 3, திங்கள்

அழைத்து உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொல்வது இதுதான் முதல் தடவை.

தலைமையகத்தில் வாரியப் பணி விதிகளை முழுதாகத் திருத்தி எழுதப் போகிறார்களாம். விதிப் பிரிவில் நிர்வாக அலுவலர் இடம் ஒன்று காலி. எல்லாக் கோட்டங்களிலிருந்தும் பெயர் கேட்டிருந்தார்கள். என் நான்கு திருத்தங்களையும் நகலெடுத்து மாதிரியாக அனுப்பியிருக்கிறார். தலைமைப் பொறியாளர் உட்பிரிவுகளைப் படித்துவிட்டு இந்த ஆளை உடனே அனுப்பு என்றாராம்.

மகளுக்குப் பொதுத்தேர்வு என்று சொன்னேன்.

“தெரியும் வே. அதான் வீட்டை மே மாசம் வரைக்கும் வச்சுக்கிடலாம்னு நானே எழுதி வாங்கிட்டேன். வீட்டம்மாவும் புள்ளையும் இங்கேயே இருக்கட்டும். கோமதி பாத்துக்கிடுவா.” மேலும் சொன்னார். “உங்க அப்பாவுக்கு என்னதான்மா பிடிக்கும்னு உம்ம மககிட்ட ஒரு நா கேட்டேன். அப்பாவுக்கு விதி எழுதுறதுன்னா உசுருன்னா. நல்ல பிள்ளை.”

என் மகளை அவர் எப்போது பார்த்தார் என்று தெரியவில்லை. எதிர்வீடு, வாசலில் பார்த்திருக்கலாம்.

இப்போதைக்கு வேண்டாமே என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்துக்கொண்டே மேசை இழுப்பறையைத் திறந்து, திருத்தம் 3ஐ எடுத்து, மறுக்கும் உரிமை பற்றிய கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினார். என் தட்டச்சு. என் கையொப்பம்.

“நீர் எழுதினதுதான வே?”

ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

இரவெல்லாம் யோசித்ததில் தெளிவாகிவிட்டது. இது தண்டனைதான். பதவி உயர்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குப்புராஜுக்கு வீடு மே மாதம் கிடைக்கும். அவசரப்படாமல் காய் நகர்த்தியிருக்கிறான்.

சிந்துஜா என்னிடம் வந்து நின்றாள். ஏதோ சொல்ல வந்தாள். போய்ப் படி, நேரம் ஆகிறது என்றேன். “சரிங்கப்பா” என்று போய்விட்டாள். பாவம், அப்பா போகிறாரே என்ற கவலை.

பிப்ரவரி 7, வெள்ளி

பிற்பகல் விடுவிக்கப்பட்டேன். மன்றத்தில் வழியனுப்பு விழா. சதுரங்கப் பலகை ஒன்று நினைவுப் பரிசு. நான் நேர அட்டவணை ஒன்றை எழுதிச் சிந்துஜாவின் மேசைக்கு மேல் ஒட்டினேன்: மூன்றே முக்கால் முதல் இரவு பத்துவரை. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியை வண்டியில் வைத்துப் பேருந்து நிலையம்வரை கொண்டுவந்து விட்டது குப்புராஜ். வழி முழுக்க இருமினான். “வூட்ல ஏதாச்சும் வேணும்னா நான் பாத்துக்கறனுங்க சார், நீங்க நெனப்பா இருக்காதீங்க” என்றான். என்னை அனுப்புவதில் இவனுக்கு இவ்வளவு அக்கறை ஏன் என்று பெருந்துறை தாண்டும்வரை யோசித்தேன்.

பிப்ரவரி 12, புதன்

சென்னை. திருவல்லிக்கேணியில் அறை. ரசத்தில் வெல்லம் போடுகிறார்கள்.

முதல் வேலையாகக் குடியிருப்புக் காலி செய்யும் விதியைக் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்து நாளா, பத்து நாளா என்று நான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து மேசைக்காரர் என் வரைவை அடிக்கடி எட்டிப் பார்க்கிறார்.

பிப்ரவரி 24, திங்கள்

மாலையில் மரகதம் கூப்பிட்டாள். கேஸ் வந்துவிட்டதாம். குப்புராஜ் பழையபடி பால் ஊற்றுகிறானாம். அட்டவணை காற்றில் விழுந்துவிட்டதாம், யாரும் திரும்ப ஒட்டவில்லையாம். சிந்துஜா ஆறு மணிக்கு எழுந்திருக்கிறாளாம்.

இரண்டாம் திருப்புதல் தேர்வில் அவளுக்குக் கணக்கில் 96.